அம்மாவின் தோள்வலிக்கு ட்ரை நீட்லிங் செய்யலாமா?

தென்னாப்பிரிக்கா, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு, மூன்று மாதமாக வலது தோளில் வலி, பிசியோ ட்ரை நீட்லிங் செய்யலாம், அதாவது மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசைக்குள் குத்தலாம் என்கிறார்.

முதலில் அது எந்த வலி என்று பாருங்கள். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை நீங்களே மெதுவாக வெளிப்பக்கம் சாயுங்கள். இடது கை போகிற அளவில் பாதிகூடப் போகாமல் கட்டையாக நின்றால், பெரும்பாலும் உறைந்த தோள். சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். இறுகியிருப்பது மூட்டைச் சுற்றிய உறை. அதை ஊசி இளக்காது. சுற்றுத் தசையின் வலி சற்றுத் தணியலாம், அவ்வளவுதான். கை தாராளமாகத் திரும்புகிறது, முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பின் மேல் ஓரிடத்தை அமுக்கினால் அதே வலி தோளின் முன்பக்கம் ஆழத்தில் தெறிக்கிறது என்றால், அது தசையில் இறுகிய முடிச்சு, அங்கே ஊசி உதவலாம்.

ஊசி 0.25 அல்லது 0.30 மி.மீ. தடிமன். துளையும் இல்லை, மருந்தும் இல்லை. முடிச்சில் பட்டதும் தசை வெடுக்கென்று ஒருமுறை துள்ளும். ஓரிரு நாள் அடிபட்டதுபோல வலிக்கும். காவடிக்கு அலகு குத்துகிற ஊரில் இதற்கென்ன பயம் என்பார்கள். அலகு வேறு, இது தோள் தசைக்குள் ஆழமாக இறங்கும். தோள்பட்டை எலும்பின் மேல் குத்தினால் கீழே எலும்பு தாங்கும். கழுத்தோரத் தசைக்குக் கீழே நுரையீரலின் உச்சி. அதனால் அந்தத் தசையை விரல்களால் கிள்ளித் தூக்கிப் பிடித்துத்தான் குத்த வேண்டும். போட்ட அன்றோ மறுநாளோ மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வறட்டு இருமலோ வந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போகக் கூடாது. படுத்தபடியே போட்டுக்கொள்ளட்டும், உட்கார்ந்திருந்தால் மயக்கம் வரலாம்.

பிசியோக்கள் கோபிக்க வேண்டாம், ஒழுங்காகச் செய்பவர்களை நான் சொல்லவில்லை. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயதானவர் அசையவும் முடியாமல், கூப்பிட ஆளும் இல்லாமல் கிடப்பார். இது பெரிய கொடுமை. எத்தனை ஊசி போனது, எத்தனை வெளியே வந்தது என்று நீங்களே கூடவிருந்து எண்ணுங்கள். உறை பிரிக்காத புது ஊசியா, ஆள் தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழிலர் மன்றமான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள்.

ஊசி குத்திய வலி அடங்கி, பழைய வலியும் தணிந்திருக்கும் நாட்களில்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். விட்டால் முடிச்சு திரும்ப வரலாம்.