அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா? பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை

வீட்டுப் பக்கத்து அரசுப் பள்ளியைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதைக் கேட்பது என்று சென்னையின் பல பகுதிகளிலிருந்து பெற்றோரும் சில மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆசிரியையாகவும் பிறகு தலைமை ஆசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சூளைமேட்டிலிருந்து ஒரு அம்மா: மகள் தனியார் பள்ளியில் ஐந்தாவது முடிக்கிறாள். ஆறாவதுக்குப் பக்கத்து அரசு மகளிர் பள்ளியில் சேர்க்க நினைக்கிறோம். எதிர்வீட்டு அக்கா "தங்கமான ஸ்கூல்" என்கிறார். என் நாத்தனாரோ "அங்கே போட்டால் பிள்ளை வீணாப் போயிடும்" என்கிறார். இரண்டு பேர் பிள்ளைகளும் அங்கே படித்தவர்கள்தான். யாரை நம்புவது மேடம்?

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் அம்மா. அவர்களிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: பிள்ளை படித்தது எந்த வருஷம், எந்த செக்‌ஷன்? அரசுப் பள்ளியில் ஆசிரியர்கள் மாறுதல் கலந்தாய்வில் வருவார்கள், போவார்கள். கணக்கு டீச்சர் மாறிப்போய் இடம் காலியாகக் கிடந்த வருஷத்தில் ஒன்பதாவது படித்த பிள்ளையின் வீட்டில் அந்தப் பள்ளிக்கு நல்ல பெயர் இருக்காது. அடுத்த வருஷமே நல்ல டீச்சர் வந்திருப்பார். ஆனால் பேச்சு மட்டும் பத்து வருஷம் ஓடும்.

ஆகவே நீங்களே போய்ப் பாருங்கள். தலைமை ஆசிரியர் அறையில் பெரும்பாலும் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கும். இதுவரை பணியாற்றிய தலைமை ஆசிரியர்களின் பெயர்களும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும் எழுதியிருக்கும். சேர்க்கை விவரம் கேட்கிற சாக்கில் அந்தப் பலகையை ஒரு பார்வை பாருங்கள். ஒருவர் நாலைந்து வருஷம் நின்றிருந்தால் பள்ளிக்கு ஒரு நடைமுறை உருவாகியிருக்கும். வருஷத்துக்கு ஒருவர் மாறியிருந்தாலோ, நடுவில் 'பொறுப்பு' என்று நிறைய இருந்தாலோ, உங்கள் நாத்தனார் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

அப்புறம், பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பெண்களிடம் "இன்னிக்கு எத்தனை பீரியட் சும்மா இருந்தீங்க?" என்று கேளுங்கள். "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். காலி பீரியடைப் பற்றி எந்தப் பிள்ளையும் பொய் சொல்லாது. இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுக் கேட்டால் உங்களுக்கே ஒரு கணக்கு கிடைத்துவிடும். சுற்றுப்பட்டில் யார் சொன்னதையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

வில்லிவாக்கம் அப்பா ஒருவர்: பத்தாவதில் 100 சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். அது போதாதா?

போதாது சார். 40 பேர் எழுதி 2 பேர் தவறினால் 95 சதவீதம். 400 பேர் எழுதி 40 பேர் தவறினால் 90. இரண்டாவது பள்ளி 360 பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறது. பேனரைப் பார்த்தால் முதல் பள்ளிதான் பெரிதாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அதனால் படிக்கத் திணறுகிற பிள்ளை ஒன்பதாவதில்தான் வெளியே தெரியும். "இவன் ரிசல்ட்டைக் கெடுத்துடுவான், டிசி வாங்கிட்டு வேறே பாருங்க" என்று பெற்றோரை மெல்லத் தள்ளிவிடும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். அரசு, தனியார் இரண்டிலும் இது நடக்கும். அப்படித் தள்ளப்பட்ட பிள்ளைகளைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்ட பள்ளியின் சதவீதம் குறையத்தான் செய்யும். நானாக இருந்தால் அந்தப் பள்ளியைத்தான் மதிப்பேன். நீங்கள் கேட்க வேண்டியது: ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாவது பரீட்சை எழுதினார்கள்? இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் பேனரை மறந்துவிடுங்கள்.

பிளஸ் ஒன் மாணவர், வியாசர்பாடி: மிஸ், இந்த வருஷம் எங்களுக்குப் பப்ளிக் இல்லை. பசங்க எல்லாரும் ஜாலியா இருக்கோம். ஆனா சார் இப்பவே பன்னிரண்டாவது பாடத்தை எடுக்கிறார். இது சரியா?

சரியில்லை தம்பி. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததே இதனால்தான். பல பள்ளிகள், குறிப்பாகப் பெயர்பெற்ற தனியார் பள்ளிகள், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. மார்க் வந்தது. ஆனால் கல்லூரியில் முதல் செமஸ்டரில் இயற்பியலும் கணக்கும் புரியாமல் முழித்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். பழைய வழக்கம் திரும்பி வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். நீட், ஜேஇஇ இரண்டுக்கும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் வேண்டும். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறவர்களுக்கு மட்டும் நடப்பது. கேள்விகள் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்து வரும். தேர்வானால் பட்டப்படிப்பு முடியும் வரை வருஷத்துக்கு 10,000 ரூபாய். ஜாலியா இருக்கிற நேரத்தில் அதற்குப் படி.

அண்ணா நகரிலிருந்து ஒரு தாய்: மகன் தனியாரில் எட்டாவது. மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காக ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் கிடைக்குமா?

கிடைக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று எட்டாவது முடித்து, அப்புறம் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் 2021 முதல் இதே ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு நீட் எழுதித்தான் ஆக வேண்டும்.

திருவல்லிக்கேணி தாத்தா ஒருவர்: பேரனை அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்த்தோம். அதுவும் அரசுப் பள்ளிதானே?

ஒதுக்கீடு என்று வரும்போது இல்லை ஐயா. சம்பளம் அரசு கொடுக்கும், நிர்வாகம் தனியாருடையது. 7.5 சதவீதத்தில் அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆனால் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டமும் 2024 முடிவிலிருந்து உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்திருக்கிறது. மற்றபடி உதவி பெறும் பள்ளி என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்கள் பேட்டை இந்து மேல்நிலைப் பள்ளியில்தானே நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர் படித்தார்!

பத்தாம் வகுப்பு மாணவி (ஊர் குறிப்பிடவில்லை): மார்க் குறைந்தவர்களை ஒரு மிஸ் எழுப்பி நிற்க வைத்து, வீட்டைப் பற்றி, அம்மா செய்யும் வேலையைப் பற்றியெல்லாம் பேசுகிறார். ஸ்கூல் நல்ல ஸ்கூல்தான். இதை வெளியே சொன்னால் ஸ்கூலுக்குக் கெட்ட பெயரா?

இல்லை பாப்பா. கெட்ட பெயர் வந்தால் அது பேசியவருக்கு. உடம்பில் அடிப்பது மட்டுமல்ல, மனதைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் பதினான்கு வயது வரைக்கும்தான் என்று யாராவது உன்னிடம் சட்டம் பேசினால் பயப்படாதே. பத்தாவது பெண்ணை அவமானப்படுத்த எந்த விதியும் இடம் தரவில்லை.

முதலில் உனக்குப் பிடித்த ஒரு டீச்சரிடம் சொல். எல்லாப் பள்ளியிலும் அப்படி ஒருவராவது இருப்பார். 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், அதில் எழுதிப் போடலாம். அது தலைமை ஆசிரியர் அறை வாசலிலேயே, யார் போடுகிறார்கள் என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தால் (பல இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், என்ன புத்தியோ) 14417க்குப் பேசு. அது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 1098 குழந்தைகள் உதவி எண். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த பீரியட், என்ன வார்த்தை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள். "எப்பவும் திட்டுறாங்க" என்று பொதுவாகச் சொன்னால் "அப்படியெல்லாம் இல்லையே" என்று முடித்துவிடுவார்கள். தேதி போட்ட நோட்டை அப்படித் தள்ள முடியாது.

கொடுங்கையூரிலிருந்து ஒரு அம்மா: பாடமெல்லாம் பரவாயில்லை. ஆனால் பெண் காலையில் போனால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. பாத்ரூம் போக முடியவில்லையாம்.

பள்ளியைப் பற்றி வரும் கருத்துகளில் நான் முதலில் படிப்பது இதைத்தான். தேர்ச்சி சதவீதம் பேனரில் ஏறும், கழிப்பறை ஏறாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டு நேரே பாத்ரூமுக்கு ஓடுகிற பெண் பிள்ளை, அந்தப் பள்ளியின் நிர்வாகத்தைப் பற்றி ஒரு ரிப்போர்ட்டே கொடுத்துவிடுகிறாள்.

பெரும்பாலும் கட்டடம் இருக்கும், தண்ணீரோ தாழ்ப்பாளோ இருக்காது. இல்லையென்றால் சுத்தம் செய்ய ஆள் வராது. இவற்றில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் தீர்க்கிற ஆள் வேறு வேறு. பெயர்ப்பலகையில் 'சென்னை உயர்நிலைப் பள்ளி', 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்று இருந்தால் அது மாநகராட்சிப் பள்ளி. ரிப்பன் மாளிகையின் கல்வித் துறைக்கு எழுதலாம், மாநகராட்சியின் 1913 உதவி எண்ணிலும் புகார் கொடுக்கலாம். 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்றிருந்தால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். இந்த வித்தியாசம் தெரியாமல் மாநகராட்சிக்குப் போகவேண்டிய மனுவைக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர்.

தனியாகப் போகாதீர்கள். அதே வகுப்பில் நாலைந்து அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள்.

இப்படி ஒரு குழுவில் உறுப்பினராக இருக்கும் ஒருவர், பெரம்பூர்: குழுக் கூட்டமா? டீ, பிஸ்கட், கையெழுத்து. அவ்வளவுதான் மேடம்.

தெரியும். நானும் அந்த நோட்டைப் பார்த்தவள்தான். ஆனாலும் அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் தலைவரும் ஒரு தாய்தான். தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "கழிப்பறைத் தாழ்ப்பாள் மூன்று உடைந்திருக்கிறது" என்று ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு அதற்குக் கீழே போடுங்கள். அடுத்த மாதம் "அந்த மூன்று தாழ்ப்பாள் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். தலைமை ஆசிரியருக்கும் அது நல்லதுதான். மேலே பணம் கேட்க அவர் கையில் ஒரு தீர்மானம் இருக்கும்.

முன்னாள் மாணவர், இப்போது ஐடி வேலை: நாங்கள் படித்த பள்ளியை "ரவுடிப் பசங்க ஸ்கூல்" என்று இன்னமும் சொல்கிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்படிச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்த கேட்டுக்குள் கால் வைத்திருப்பார்கள்? சாலையில் நாலு பையன்கள் ஃபுட்போர்டில் தொங்குவதைப் பார்த்துவிட்டுச் சொல்வது அது. வேறு பள்ளிப் பையன்கள் நாலு பேர் ஃபுட்போர்டில் தொங்கினால் அவர்கள் படிக்கும் பள்ளியின் பெயரை யாரும் கேட்பதில்லை. அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் சேர்க்கைக்கு நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள், பெயர் எப்படி மாறும் என்று தெரியும். நீங்கள் வருத்தப்படுவதோடு நிறுத்தாமல், ஒரு சனிக்கிழமை போய்ப் பிளஸ் டூ பையன்களுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள். அந்த உதவி கிடைக்காமல்தான் பல பிள்ளைகள் கலந்தாய்வைக் கோட்டைவிடுகிறார்கள்.

கோடம்பாக்கம் அப்பா: ஆங்கில வழியில் சேர்க்கலாமா, தமிழ்வழியா?

ஆங்கில வழி என்று பலகை இருந்தால் மட்டும் போதாது. அதே டீச்சர் இரண்டு வழிக்கும் எடுக்கிறாரா என்று பாருங்கள். ஆங்கில வழிப் பாடத்தைத் தமிழில் விளக்கிவிட்டு விடையை மட்டும் ஆங்கிலத்தில் உருப்போட வைத்தால், பிள்ளைக்கு இரண்டு மொழியும் வராது. உங்கள் பிள்ளை ஐந்தாவது வரை எதில் படித்ததோ அதிலேயே தொடரட்டும். ஆறாவதில் வழியை மாற்றி ஒரு வருஷத்தை இழக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து: பழைய தனியார் பள்ளியில் ஃபீஸ் பாக்கி. டிசி தரமாட்டேன் என்கிறார்கள். ஏழாவதில் சேர்க்க வேண்டும்.

எட்டாவது வரை டிசி இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பிறப்புச் சான்று, ஆதார் நகல், பழைய பள்ளியின் ஏதாவது ஒரு ரேங்க் கார்டு எடுத்துக்கொண்டு நேரே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பழைய பள்ளியில் பிள்ளையின் எமிஸ் எண்ணை (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) கேட்டு வாங்கிவிடுங்கள், அது இருந்தால் வேலை சுலபம். அலுவலகத்தில் "டிசி கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அதையே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே உட்காரச் சொல்லி விண்ணப்பத்தை நீட்டிவிடுவார்கள்.