அது மெசூசா இல்லை, பிரசவக் காப்பு

எபிரேய எழுத்தோடு மூன்று பறவை உருவங்கள் அச்சான பழைய காகிதம், யூதர்கள் வாசல் நிலையில் பதிக்கிற வேத வசனச் சுருளான மெசூசாவா என்று கேட்டிருக்கீங்க. இல்லை. பிள்ளை பெற்றவளையும் சிசுவையும் காக்க யூதர்கள் அறைச் சுவரில் ஒட்டிவந்த காப்பு அது.

மூன்றும் செனோய், சன்செனோய், செமங்கலோஃப் என்ற தேவதூதர்களாகத்தான் இருக்கணும். யூதக் கதையில் ஆதாமின் முதல் மனைவியாக இருந்து அவரை விட்டுப் பறந்துபோன, சிசுக்களுக்குக் கேடு செய்கிற லிலித்தைத் தேடிப் போனவர்கள். இவர்கள் பெயரைக் கண்ட இடத்தில் குழந்தையைத் தொடமாட்டேன் என்று அவள் சத்தியம் செய்ததாக ‘பென் சீராவின் அகரவரிசை’ என்ற இடைக்கால நூல் சொல்கிறது. 1701இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ரசியேல் நூல்’ என்ற யூத மந்திரப் புத்தகத்திலும் இந்த உருவங்கள் உண்டு.

உறுதி செய்ய, வலமிருந்து இடமாகப் பாருங்க. வரிக்கு மேலே கழுத்தை நீட்டும் ஓர் எழுத்து, அடுத்து காற்புள்ளி போல ஒரு துளி, மறுபடி அதே நெட்டை, அதே துளி, கடைசியில் வாசல் நிலை மாதிரி ஒன்று. ஐந்தும் சேர்ந்தால் ‘லிலித்’.

மெசூசாவில் இந்தப் பெயர் வராது. அது தோலில் கையால் எழுதுவது, வழக்கமாக 22 வரி, படம் கிடையாது. அதற்குள் தேவதூதர் பெயர் எழுதியவர்களை 12ஆம் நூற்றாண்டிலேயே யூதச் சட்ட அறிஞர் மைமோனிதீஸ் கடுமையாகக் கண்டித்தார்.

ஆனால் படத்தை மட்டும் வைத்து வயதைக் கணிக்காதீங்க. பிற்காலத்திலும் திரும்பத் திரும்ப அச்சடித்திருக்காங்க. கிழிந்திருந்தாலும் தயவுசெய்து குப்பையில் போடாதீங்க. இறைவன் பெயர் இருக்கும் தாளை யூதர்கள் கெனிசா என்ற சேமிப்பிடத்தில் சேர்த்துவைத்துப் புதைப்பார்கள். பக்கத்து யூத ஆலயத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வாங்க.