மோதிரம் இறுகினால் தண்ணீரைக் கூட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. சுருளிப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் உள்ளது. சாலை மாரத்தான் இரண்டு ஓடியிருக்கிறேன். இரண்டுக்கும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. வரும் ஜனவரியில் எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் வழியாகவும் மலையடிவாரக் காடு வழியாகவும் 60 கி.மீ. ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துள்ளேன். மொத்த ஏற்றம் 1,500 மீட்டர், நேர வரம்பு 14 மணி. சென்ற மாரத்தானில் தண்ணீர் வைத்திருந்த இடத்திலெல்லாம் இரண்டு டம்ளர் குடித்தும், 35 கி.மீ. தாண்டியதும் தலைவலியும் குமட்டலும் வந்தன. விரல்கள் வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. இந்த முறை இன்னும் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டுமா? ஏற்றத்துக்கு எப்படித் தயாராவது?

பதில்: கூட்ட வேண்டாம், குறையுங்கள். கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய இயலாது என்பதால் முதலில் ஒரு மருத்துவரிடம் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வீங்கிய விரல்கள், குமட்டல், தலைவலி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்திருப்பதைப் பார்க்கும்போது, அன்று நீங்கள் தாகத்துக்கு மீறிக் குடித்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். நெடுநேரம் ஓடும்போது உடல் சிறுநீரை வெளியேற்றாமல் அடக்கி வைப்பதால், மிகுதியாகக் குடிக்கும் நீர் உள்ளேயே தங்கி அந்த அளவைக் கீழே இறக்கிவிடுகிறது. வேகமாக ஓடி முடிப்பவர்களைவிட, மெதுவாக, பல மணி நேரம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடித்துக்கொண்டே செல்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து கூடுதல். மூளை வீங்கி உயிரிழந்தவர்களும் உண்டு என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

தாகம் எடுக்கும்போது மட்டும் குடிப்பது என்பதே 2015-இல் இத்துறை வல்லுநர்கள் கூடி எடுத்த ஒருமித்த முடிவின் சாரம். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம்: ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். எடை சற்றுக் குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். இளநீரை நம்பி இருக்க வேண்டாம். அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோரும் உப்பு சேர்த்த எலுமிச்சைச் சாறும் அதைவிட ஏற்றவை. ஆனால் உப்பைச் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு தண்ணீரும் குடிக்கலாம் என்பது தவறான எண்ணம். மிகையான நீரை உப்பு ஈடுகட்டாது. ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை ஓட்டத்தின்போது தொடவே வேண்டாம். சிறுநீரகத்துக்கு அவை கேடு.

அடுத்தது ஏற்றம். நீங்கள் அஞ்ச வேண்டியது ஏற்றத்துக்கு அல்ல, இறக்கத்துக்கு. ஏற்றத்தை நடந்தே கடக்கலாம், அனுபவம் மிக்க ஓட்டக்காரர்களும் நடக்கிறார்கள். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்குப்படி ஐந்து கி.மீ. தூரத்துக்கு ஒரு மணியும், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணியும் வைத்தால், உங்கள் பாதைக்கு நடையாகவே பதினான்கரை மணி நேரம் ஆகும். ஆகவே திராட்சைத் தோட்டங்களின் சமதளத்தில் மெதுவோட்டமாக ஓடினாலே வரம்புக்குள் வந்துவிடுவீர்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் அதன் நார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. அதன் வலி ஒன்று முதல் மூன்று நாள்களில்தான் உச்சத்துக்கு வரும். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை அப்படி வலித்து ஆறிய தசை அடுத்த முறை அதே இறக்கத்தைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும், அந்தக் காப்பு சில வாரங்கள் நீடிக்கும். எனவே பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை நீண்ட இறக்கம் ஒன்றை ஓடுங்கள். கடைசிப் பயிற்சி போட்டிக்கு மூன்று வாரம் முன்பு முடிந்துவிட வேண்டும். கம்பம் மெட்டுச் சாலையோ லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி செல்லும் சாலையோ இதற்குப் பொருத்தம், ஆனால் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் இரண்டிலும் நெருக்கியடிப்பதால் ஐப்பசிக்குள் இப்பயிற்சியின் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். பிறகு தோட்டத்து மேட்டிலோ வீட்டுப் படிகளிலோ இறங்கிப் பழகலாம்.

பந்தலுக்கடியில் ஓடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை என்றாலும், வேலை செய்யும் நடை வேறு, ஓட்டம் வேறு. நிழல் இருக்கிறதே என்று வேகம் கூட்டுகிறோம். காற்று அசையாததால் வியர்வை காயாமல் உடல் சூடேறுகிறது. கல்தூணைப் பார்த்து ஒதுங்கும் கண்ணுக்குக் காலடியில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய் தெரிவதில்லை. கொத்து எட்டும் தூரத்தில் தொங்கினாலும் பறித்துத் தின்ன வேண்டாம். எந்தத் தோட்டத்தில் என்று மருந்து அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. பையில் உலர்திராட்சை எடுத்துச் செல்லுங்கள். முப்பது கிராமில் இருபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து கிடைக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை தேவை என்பதால் வாழைப்பழம், உப்பிட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு என மாற்றி மாற்றிச் சாப்பிட்டு, பயிற்சியிலேயே வயிற்றைப் பழக்குங்கள்.

காட்டைப் பற்றி விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று உண்டு. வனத்துறையின் எழுத்து அனுமதியை அமைப்பாளர்களிடம் கேட்டுப் பாருங்கள்; இல்லையென்றால் ஓடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று இதே தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்க முடியாது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பயிற்சிக்காக விடியும் முன் அடிவாரத்துக்குத் தனியே போக வேண்டாம், காதில் பாட்டுக் கருவியும் வேண்டாம்.

போட்டியன்று மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, கைக்கடிகாரப் பட்டையைக் கவனியுங்கள். பட்டை இறுகத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்தி, உப்புள்ள எதையாவது சாப்பிட்டு, மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். உடன் வரும் உங்கள் வீட்டாரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள்: ஓட்டத்தின்போதோ முடிந்த 24 மணி நேரத்துக்குள்ளோ உங்களுக்குப் பேச்சு குழறினால், வாந்தி நிற்காவிட்டால், களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் புகட்டக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, குளுக்கோஸ் ஏற்றும் முன் ரத்தத்தில் சோடியம் பார்க்கும்படி கேட்க வேண்டும்.