கண்மாய் கணக்கை எந்த ஆபீஸில் கேட்பது?

கேள்வி: மேல்மடைக்காரர்களுக்கும் எங்களுக்கும் தண்ணீர்த் தகராறு. யாருக்கு என்ன பாத்தியதை என்று அரசிடம் பதிவு இருக்குமா?

பதில்: இருக்கும், ஆனால் ஒரே நோட்டில் இருக்காது. எந்த சர்வே எண் நஞ்சை, அதற்குப் பாசன ஆதாரம் எது என்பதற்கு, சர்வே எண் வாரியாகக் கிராம நிலங்களைப் பதிந்த ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். கண்மாயைப் பற்றி அறிய ‘டேங்க் மெமாயர்’ கேளுங்கள். வெள்ளைக்காரர் காலத்து ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் எழுதத் தொடங்கியது. எத்தனை மடை, எது எந்த மட்டத்தில், கலிங்கு (உபரிநீர் வழியும் இடம்) நீளம், முழு நீர்மட்டம், ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) எல்லாம் அதில் வரும். கீழ்மடைக்காரருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. முறைப்பாசன வழக்கத்தை எழுதிவைத்த மாமூல்நாமா சில கண்மாய்களுக்கு உண்டு; அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கண்மாய்க் கணக்குக்கு, ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறையில், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.ஐ.) மனு போடுங்கள். மனு இடம் மாறிப் போனாலும் கவலையில்லை; அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

கேள்வி: எதற்குக் கேட்கிறீர்கள் என்றால் என்ன சொல்வது?

பதில்: ஒன்றும் சொல்ல வேண்டாம். பிரிவு 6(2).

கேள்வி: ‘ஏரி ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை?’ என்று ஆர்.டி.ஐ. போட்டேன். ‘இது தகவல் அல்ல’ என்று பதில் வந்தது.

பதில்: வரத்தான் செய்யும். ஆர்.டி.ஐ.யில் காகிதத்தைக் கேட்கலாம், விளக்கம் கேட்டால் தட்டிக்கழிக்க நாமே வழி செய்துகொடுத்த மாதிரி. இப்படி எழுதிப் பாருங்கள்: “இன்ன கிராமம், இன்ன சர்வே எண் ஏரிக்கு, 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி எல்லை அளந்த வரைபடம், ஆக்கிரமிப்பாளர்களுக்குக் கொடுத்த நோட்டீஸ் நகல்கள் தரவும், கோப்பை நேரில் பார்வையிட அனுமதிக்கவும்.” நோட்டீஸே கொடுக்கவில்லை என்று பதில் வந்தால் அதுவும் உங்கள் கைக்கு ஓர் ஆவணம்தான்.

கேள்வி: வரத்துக்கால் ஓடிய இடம் இப்போது தனியார் பட்டாவில் இருக்கிறது.

பதில்: இன்றைய ‘அ’ பதிவேட்டை மட்டும் பார்த்து ஓய்ந்துவிடாதீர்கள். அரசின் இ-சேவை தளத்தில் காண்பது, நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்குப் பிந்தைய கணக்கு. அதற்கு முந்தைய பதிவேடு, பழைய புலப்படம், பழைய–புதிய சர்வே எண் ஒப்பீடு மூன்றையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலாகக் கேளுங்கள். பழையதில் வாய்க்கால் புறம்போக்கு, புதியதில் பட்டா என்றால் எங்கே மாறியது என்று தெரிந்துவிடும். வழக்குக்குப் போவதானாலும் இதுதான் முதல் கட்டு.

கேள்வி: ‘கோப்பு காணவில்லை’ என்கிறார்கள்.

பதில்: தகவல் மறுக்கக் காரணங்களை அடுக்கும் 8ஆம் பிரிவில் அப்படியொரு காரணமே இல்லை. பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காணாமல்போன கோப்புக்குப் போலீஸில் புகார் கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் அதன் நகல் எங்கே என்று மறுபடியும் ஒரு 10 ரூபாய் மனு போடுங்கள். சில கோப்புகள் அதற்குப் பிறகு அலமாரியிலேயே அகப்படுவதுண்டு.