பாப்பா புக் வேண்டாம் என்கிற மகள்

வணக்கம் சார்,

மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. இருவரும் ஆங்கில வழிப் பள்ளி. மகள் ஆங்கிலத்தில் தலையணை தலையணையாகப் படிக்கிறாள், தமிழ் என்றால் ஓடிவிடுகிறாள். படம் பார்த்த ஜோரில் 'பொன்னியின் செல்வன்' கேட்டாள். ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தேன், முதல் பாகத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. கடையில் அவள் வயதுக்கு ஏதாவது நாவல் கேட்டால் நீதிக்கதைகளை எடுத்து நீட்டுகிறார்கள். "இதெல்லாம் பாப்பா புக்கும்மா" என்கிறாள். மகன் காமிக்ஸைத் தவிர எதையும் தொடுவதில்லை. பெரியவர்கள் நாவலைக் கொடுக்கலாம் என்றால் உள்ளே என்ன இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. சில பெயர்கள் சொல்லுங்கள். நானே முதலில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமா?

ம., திண்டுக்கல்

*

அன்புள்ள ம.,

உங்கள் மகள் சொல்வது சரிதான். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் நீதிக்கதையை நீட்டினால் அவள் வேறு என்ன சொல்வாள்?

தமிழில் பத்து வயது வரைக்கும் ஏதாவது கிடைத்துவிடும். பதினெட்டுக்கு மேல் கடல்போல இருக்கிறது. நடுவில் உள்ள வயதுக்கென்று தனியாக யாரும் அதிகம் எழுதவில்லை. முன்பு அந்தக் குறை தெரியாமல் இருந்ததற்குக் காரணம் வாரப் பத்திரிகை. வீட்டுக்கு வரும் இதழை அப்பா படிப்பதற்கு முன்பே பையன் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். தொடர்கதை யாருக்காக எழுதப்பட்டது என்று அவனும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு இதழ் வருவதில்லை. அந்த வேலையை நீங்கள் கையால் செய்ய வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். உங்கள் மகளுக்குத் தமிழ் பிடிக்காமல் இல்லை, தமிழை வேகமாகப் படிக்க வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பார்வையில் ஒரு வரியை விழுங்குகிறவள், தமிழில் எழுத்துக் கூட்டி நகர்கிறாள். கதையில் ஒருவன் குதிரையில் பறந்துகொண்டிருப்பான், இவள் கண் நொண்டியடித்துக்கொண்டு பின்னால் போகும். எந்தக் கதையும் அப்படிப் படித்தால் சலிக்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று புத்தகங்களை வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஓட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சின்ன வாக்கியம், நிறையப் பேச்சு, சீக்கிரம் முடிகிற அத்தியாயம்.

'பொன்னியின் செல்வன்' இந்தக் கணக்கில் வராது. கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதினார். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறான். உடனே ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவச் சண்டை, பிறகு கடம்பூர் மாளிகை, சோழர் குலக் கதைகள். ஒரு வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அந்த நிதானம் சுகமாக இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ரகசியங்களும் பாதி தெரிந்துவிட்டன. ஐந்து பாகங்களையும் அலமாரியிலேயே வையுங்கள், அதைப் பற்றிப் பேசாதீர்கள். கல்கி வேண்டுமென்றால் 'பார்த்திபன் கனவு' கொடுங்கள். ஒரே புத்தகம். நாடு கடத்தப்பட்ட இளவரசன் ரத்தின வியாபாரியாக வேஷம் போட்டுத் திரும்பி வருகிறான், சிவனடியார் யார் என்ற மர்மம் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை என்பதால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. பொடி எழுத்தும், 'சிறுவர்களுக்காகச் சுருக்கியது' என்ற அட்டையும் இருந்தால் வாங்காதீர்கள்.

ஆனால் அவளுக்கு நான் முதலில் கொடுப்பது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021இல்! அதுவே அவளைச் சிரிக்க வைக்கும். ஜீவா என்ற சர்வாதிகாரி, பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி, எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், காணாமல் போகும் கணவன், நிலா என்ற பெண், ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த நாய் புத்தகம் படிக்கும், எதிர்த்துப் பேசும், மனிதர்களை விடப் புத்திசாலியாக இருக்கும். சுஜாதாவின் வாக்கியத்தில் தடுக்கி விழவே முடியாது. அவர் இதைச் சிறுவர்களுக்கென்று எழுதவில்லை, அதனால்தான் சிறுவர்களுக்குப் பிடிக்கிறது. பிடித்துவிட்டால் 'மீண்டும் ஜீனோ' இருக்கிறது.

மகனுடைய காமிக்ஸைப் பிடுங்காதீர்கள். ஆறாம் வகுப்பில் தமிழில் எதையாவது விடாமல் படிக்கிறானே, அதுவே பெரிது. பக்கத்தில் சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவின் கதைகளை வையுங்கள். பெரியசாமித் தூரன் கலைக்களஞ்சியம் தொகுத்த பெரிய மனிதர் என்று தெரியும், அவர் 'கொல்லிமலைக் குள்ளன்' மாதிரி சாகசக் கதைகளும் எழுதியிருக்கிறார். ஜெயமோகனின் 'பனிமனிதன்' தினமணி சிறுவர்மணியில் வந்தது. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகிற கதை, நடுநடுவே அறிவியல் குறிப்புகள். இவன் அதை மகளுக்கு முன்னால் முடித்துவிடுவான் என்பது என் ஊகம்.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யையும் அவனுக்கு வாங்குங்கள். 2023இல் சிறுவர் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதமியின் பால புரஸ்கார் பெற்ற நாவல். கீழடியைச் சுற்றி நடப்பது. கீழடிப் பானை ஓடுகளில் கீறப்பட்ட பெயர்களில் ஆதன் என்பதும் ஒன்று. படித்து முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுங்கள். திண்டுக்கல்லில் இருந்து மதுரை, அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் கீழடி அருங்காட்சியகம். அந்த ஓடுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கட்டும்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இருவருக்குமே. நான் பொதுவாகப் பாடம் சொல்லும் புத்தகங்களைக் கொடுக்கமாட்டேன், இது விதிவிலக்கு. பிடிக்காத தொடுதல் பற்றி ஒரு மரப்பாச்சி பொம்மை பேசுகிறது. வீட்டில் நாம் தொண்டையைச் செருமிக்கொண்டு தள்ளிப்போடும் விஷயம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' படித்திருக்கிறீர்களா? சோவியத் காலத்தில் தமிழுக்கு வந்த கிர்கீஸியக் குறுநாவல், இப்போதும் தமிழ்ப் பதிப்பு கிடைக்கிறது. 1924இல் ஒரு மலைக் கிராமத்துக்குத் துய்ஷேன் என்ற இளைஞன் வருகிறான். பழைய லாயத்தைத் துப்புரவாக்கிப் பள்ளிக்கூடம் என்கிறான். அவனுக்கே எழுத்து அரைகுறை. பனிக்காலத்தில் குளிர்ந்த ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறான், குதிரையில் வருகிற பணக்காரர்கள் சிரிக்கிறார்கள். அல்தினாய் என்ற அநாதைப் பெண் அங்கே படிக்கிறாள். உங்கள் மகள் வயதுதான். அவளைச் சித்தி ஒரு வசதிக்காரனுக்கு இரண்டாம் மனைவியாக விற்றுவிடுகிறாள். தடுக்கப் போன துய்ஷேனை அடித்துப் போட்டுவிட்டு அவளைக் குதிரையில் தூக்கிப் போகிறார்கள். அவளுக்கு நடக்கும் கொடுமையை ஐத்மாத்தவ் மறைக்கவில்லை, அதில் லயிக்கவும் இல்லை. பல வருடம் கழித்துப் பெரிய படிப்பாளியாகி, ஊரின் புதிய பள்ளித் திறப்பு விழாவுக்கு அல்தினாய் வருகிறாள். விருந்து நடக்கிறது. வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் கிழட்டுத் தபால்காரர்தான் துய்ஷேன். உள்ளே இருப்பவர்கள் அவருடைய அந்தக் காலத்துப் பாடத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளால் அங்கே உட்கார முடியவில்லை.

இந்தக் கதையை எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பேன். அவள் அழுவாள், கோபப்படுவாள், உங்களிடம் இரண்டு கேள்வி கேட்பாள். இதை மட்டும் நீங்கள் முன்கூட்டியே படித்து வையுங்கள். அவளைச் சோதிப்பதற்காக அல்ல, அவள் கேட்கும்போது உங்களுக்கும் கதை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. மற்றவற்றை அவள் படித்த பிறகு வாங்கிப் படித்தால் போதும். 'என்ன புரிந்தது, சொல் பார்க்கலாம்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அது பள்ளிக்கூடத்தின் வேலை, அங்கேயே நிறைய நடக்கிறது.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' என்னிடம் பலர் கேட்கும் புத்தகம். செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடி, பசு மேய்த்து, கல்லூரி போகிற சந்திரசேகரன் எந்தப் பையனுக்கும் பிடித்துப்போவான். ஹைதராபாத் நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்கள், நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், கலவரம் எல்லாம் அவன் சைக்கிளுக்குப் பின்னால் மெல்ல வந்து சூழ்ந்துகொள்ளும். ஆனால் கடைசிப் பக்கங்களில் வருவதைத் தாங்குவதற்கு வயது வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்கு முன்னால் வேண்டாம்.

ஓட்டம் வருகிறவரை இன்னொன்று செய்யலாம். எந்தப் புத்தகமானாலும் முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பெயர்களும் இடமும் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் கண்ணுக்கு அவ்வளவு வேலை இருக்காது. பிடிக்காவிட்டால் ஐம்பது பக்கத்தில் மூடிவிட அவளுக்கு உரிமை உண்டு என்றும் சொல்லிவிடுங்கள்.

பூமணியின் 'வெக்கை'யும் என் பட்டியலில் உண்டு. அதன் நாயகன் சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. கொலையில் ஆரம்பிக்கிறது என்று பயப்படாதீர்கள், பெரும்பகுதி அப்பனும் மகனும் ஒளிந்து திரிந்து சமைத்துச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பதுதான். கரிசல் பேச்சு பிடிபடக் கொஞ்ச நாளாகும். அதை அவளுடைய பத்தாம் வகுப்புத் தேர்வு முடிகிற விடுமுறைக்கு எடுத்து வையுங்கள்.

அன்புடன்.