வ்லோராவில் பார்சிலோனா என்றால் மெஸ்ஸி இல்லை

தம்பி, அல்பேனியாவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, வ்லோராவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை என்று எழுதியிருந்தீர்கள். சாப்பாடு, வாடகை, குளிர் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: "கூட வேலை செய்பவர்கள் அடிக்கடி பார்சிலோனா பற்றிப் பேசுகிறார்கள். எனக்கும் தெரியும் என்று காட்ட மெஸ்ஸி பெயரைச் சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஏன்?"

மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். இந்த ஊரில் உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

அவர்கள் பேசும் பார்சிலோனா 1986, 87ஆம் வருடத்து பார்சிலோனா. ஊர் கால்பந்து கிளப்பான ஃபிளாமுர்தாரியோடு ஆட வந்த பார்சிலோனா. நான் 2013ல் இங்கே வந்தபோது நீங்கள் செய்ததையேதான் செய்தேன். எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரர் காபி வாங்கிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். எனக்கு அப்போது அல்பேனிய மொழியில் எண்களும் நன்றியும்தான் தெரியும். கோல் கணக்கை மேஜையில் சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கிக் காட்டினார்.

முதலில் பெயர். ஃபிளாமுர்தாரி என்றால் கொடி ஏந்துபவர். 1912 நவம்பர் 28 அன்று இஸ்மாயில் கெமாலி அல்பேனியாவின் சுதந்திரத்தை அறிவித்துக் கொடியேற்றியது வ்லோராவில்தான். அந்த நினைவுச் சின்னம் நிற்கும் கொடிச் சதுக்கத்தைத் தாண்டித்தான் நீங்கள் தினமும் வேலைக்குப் போவீர்கள். கிளப் 1923ல் தொடங்கியது. சட்டை நிறம் கொடியின் நிறம், சிவப்பும் கறுப்பும். ஆகவே இவர்களுக்கு இது வெறும் ஊர் அணி இல்லை. நாட்டின் கொடியே முதலில் தங்கள் ஊரில்தான் பறந்தது என்ற மிதப்பு அதில் கலந்திருக்கிறது.

ஆனால் கம்யூனிஸ்ட் காலத்தில் பட்டங்களில் பெரும்பகுதி தலைநகருக்குத்தான் போனது. பார்ட்டிசானி ராணுவத்தின் அணி, டினாமோ உள்துறை அமைச்சகத்தின் அணி. மூன்றாவதாக இன்று டிரானா என்று அழைக்கப்படும் அணி, அன்றைக்கு அதன் பெயர் '17 நெந்தோரி', அதாவது நவம்பர் 17, தலைநகர் விடுதலையான நாள். நல்ல ஆட்டக்காரன் ஒருவன் ராணுவச் சேவைக்குப் போகிறான் என்றால் எந்த அணிக்குப் போவான் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நடுவே வடக்கிலிருந்து ஷ்கோதரின் வ்லாஸ்னியா சில முறை வென்றது. தெற்கே கடலோரத்தில் இருந்த வ்லோரா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

1985ல் ஃபிளாமுர்தாரி அல்பேனியக் கோப்பையை வென்றது. அடுத்த வருடம் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையின் முதல் சுற்றிலேயே பார்சிலோனா. லேசான பார்சிலோனா இல்லை. அந்த மே மாதம்தான் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய் ஸ்டாவா புக்காரெஸ்டிடம் பெனால்டியில் தோற்றிருந்தது. அந்தக் கோடையில் உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்த கேரி லினேகரை வாங்கியிருந்தது.

வ்லோராவில் 1-1. பிறகு பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நோவில் 0-0. தோற்கவில்லை, ஆனாலும் வெளியேறினார்கள். மொத்தக் கணக்கு சமமானால் எதிரணி ஊரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதி அப்போது இருந்தது. பார்சிலோனா வ்லோராவில் அடித்த அந்த ஒரே கோல் போதுமானதாகிவிட்டது. அந்த விதியை 2021ல் ஐரோப்பாவில் எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று எங்கள் தெரு காபிக்கடையில் ஒரு பெரியவர், "முப்பத்தைந்து வருடம் தாமதம்" என்று சொல்லிவிட்டு ராக்கி என்ற சாராயத்தை ஒரே மூச்சில் குடித்தார்.

1987ல் மறுபடியும். முதல் சுற்றில் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடின் பார்ட்டிசான்: இங்கே 2-0, அங்கே 1-2, மொத்தத்தில் ஃபிளாமுர்தாரி வென்றது. யூகோஸ்லாவியாவோடு அல்பேனியாவுக்கு இருந்த பழைய பகையை நினைத்தால் இதுவே ஊர் விழாவுக்குப் போதும். அடுத்து கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் ஆவே, யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களின் கிளப். அங்கே 0-1, இங்கே 2-0. அல்பேனிய அணி ஒன்று ஐரோப்பியப் போட்டியில் மூன்றாவது சுற்றை எட்டியது அதுதான் முதல் முறை. அங்கே காத்திருந்தது யார்? மீண்டும் பார்சிலோனா. இந்த முறை கேம்ப் நோவில் 4-1 என்று நன்றாக அடி வாங்கினார்கள். ஆனால் திரும்ப வந்து வ்லோராவில் 1-0 என்று வென்றார்கள். சுற்றைத் தாண்டவில்லை, அதனால் என்ன? பார்சிலோனாவை வென்றார்கள். நான்கு ஆட்டத்தில் ஒன்றில்தான் தோல்வி. சர்க்கரைப் பொட்டலத்தை வைத்து என் வீட்டுக்காரர் காட்டியது இதைத்தான். 4-1ஐ மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்தார்.

இது ஏன் இவ்வளவு பெரிது என்று புரிய, அன்றைய நாட்டை நினைத்துப் பாருங்கள். கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜா இறந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. தனியார் கார் வைத்துக்கொள்ள முடியாது, வழிபாடு 1967லிருந்து தடை, நாட்டைவிட்டுத் தப்பப் பார்ப்பது தேசத்துரோகம். எதிரே கடலுக்கு அப்பால் சுமார் எழுபது கிலோமீட்டர் தூரத்தில் இத்தாலி, ஆன்டெனாவைத் திருப்பினால் அவர்கள் டிவி தெரியும், ஆனால் போக முடியாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து பதினொரு பேர் கேம்ப் நோவுக்குப் போய் கோல் வாங்காமல் திரும்பினார்கள். அந்த அணியின் சோகோல் குஷ்தா, வாசில் ருசி என்ற பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மெஸ்ஸிக்குப் பதில் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்.

லீக் பட்டம் ஒரே ஒரு முறைதான், 1991ல். வந்த வேளையைப் பாருங்கள். அந்த மார்ச்சில் கிடைத்த கப்பலில் எல்லாம் ஏறி ஆயிரக்கணக்கானோர் இத்தாலியின் பிரிண்டிசிக்குப் போனார்கள். ஆகஸ்டில் டூரஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 20,000 பேரைச் சுமந்துகொண்டு இத்தாலியின் பாரி நகருக்குப் போன கப்பலின் பெயரே 'வ்லோரா'. ஊர் முதல் முறை சாம்பியன் ஆனபோது கொண்டாட வேண்டியவர்களில் பலர் இத்தாலியிலோ கிரேக்கத்திலோ வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் சமையலறையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலர் நம்மைப் போலவே வெளிநாட்டில் பாத்திரம் கழுவிவிட்டு வந்தவர்கள். நம்மிடம் கொஞ்சம் பரிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு விஷயம் மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள்: 1997. அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, வீட்டை விற்றுப் பணம் போட்டவர்களெல்லாம் தெருவுக்கு வந்த வருடம். கலகத்தின் மையம் வ்லோரா. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு கிளப்பின் கதை ஏற்ற இறக்கம்தான். 2009ல் கோப்பையை வென்று ஐரோப்பாவுக்குப் போய், ஸ்காட்லாந்தின் மதர்வெல் அணியை இங்கே 1-0 என்று வென்று, அங்கே போய் 8-1 என்று தோற்றார்கள். இதை நீங்கள் கேள்விப்பட்டதாகவே காட்டிக்கொள்ள வேண்டாம். 2014ல் மறுபடி கோப்பை. அந்தச் சமயம் நான் புதுசு, இரவு முழுக்க கார் ஹாரன் சத்தத்தில் தூங்கவில்லை. 2020ல் முதல் பிரிவிலிருந்தே இறங்கிவிட்டார்கள். சில வருடம் கீழே கிடந்து 2025ல்தான் திரும்ப ஏறினார்கள்.

சரி, வேலைக்கு ஆகிற விஷயம். சாயங்காலம் எல்லோரும் லுங்கோமாரே கடற்கரைச் சாலையில் நடக்கக் கிளம்புவார்கள், அதற்கு ஜிரோ என்று பெயர். உங்களையும் கூப்பிடுவார்கள், போங்கள். "1987 ஆட்டத்துக்கு நீங்கள் போனீர்களா?" என்று வயதானவர் யாரையாவது கேளுங்கள். தலையை இடவலமாக ஆட்டினால் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இங்கே பழைய ஆட்களுக்கு அது ஆமாம்.

அப்புறம் பணம். இங்கத்திய நாணயம் லெக். 1965லேயே பத்துப் பழைய லெக் ஒரு புது லெக் என்று மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பேச்சில் இன்னும் பழைய கணக்குதான். என் வீட்டுக்காரர் முதல் நாள் வாடகை மூன்று லட்சம் என்றதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வாசல் வரை வந்துவிட்டேன். அவர் சொன்னது முப்பதாயிரம். பணத்தையும் பந்தையும் இந்த ஊர் பழைய கணக்கில்தான் எண்ணும்.

மைதானம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, விடுமுறை நாளில் ஆட்டம் வந்தால் போய்ப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் டிக்கெட் விலை சொன்னால் கடைசிப் பூஜ்யத்தை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.