பழுதுபார்க்கக் கொடுத்த துப்பாக்கியும் முடிந்துபோன உரிமமும்

கேள்வி: களக்காடு பக்கம் வாழை விவசாயம் செய்கிறேன். உரிமம் பெற்ற என் இரட்டைக்குழல் துப்பாக்கியின் குதிரை பழுதானதால் திருநெல்வேலியில் ஒரு கடையில் கொடுத்தேன். மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். மகனை அனுப்பியபோது பலர் முன்னிலையில் அவமானப்படுத்தி, துப்பாக்கியைத் தர மறுத்தார்கள். இதற்குள் உரிமமும் முடிந்துவிட்டது. பன்றி புகுந்து ஏத்தன் வாழை அழிந்த நஷ்டத்தையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா? நோட்டீஸ் வரைவை இணைத்துள்ளேன்.

பதில்: கடைக்காரரின் பேச்சு தங்களைப் புண்படுத்தியிருக்கும். ஆயினும் அதை வழக்கின் அடிப்படையாக்க முடியாது. மேலும், மகனிடம் தர மறுத்தது சட்டப்படி சரியே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாத ஒருவர் பழுதுபார்ப்பதற்காகத் துப்பாக்கியை எடுத்துச் செல்ல வேண்டுமானால், உரிமதாரர் உடனிருக்க வேண்டும் அல்லது அவருடைய எழுத்துமூல அனுமதி கையில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பிக் கடைக்காரர் கொடுத்திருந்தால், வழியில் நடக்கும் வாகனச் சோதனையிலேயே தங்கள் மகன் கைதாகியிருப்பார்.

இப்போது முக்கியமானது ஒன்றுதான்: தங்கள் உரிமம் இன்று நடப்பில் இல்லை. ஆத்திரத்தில் கடைக்குப் போய்ச் சண்டையிட்டுத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களை, என்னிடம் வழக்கு நடத்த வந்த கட்சிக்காரர்களிலேயே பார்த்திருக்கிறேன். கடை வாசலைத் தாண்டிய கணத்திலிருந்து அவர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தவர்களாகிவிட்டார்கள். தாமதப்படுத்திய கடைக்காரர் சாட்சியாக நின்றார். உரிமம் முடிந்த துப்பாக்கியை வீணான தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. தங்கள் துப்பாக்கி ஏற்கெனவே அத்தகைய ஒருவரிடம்தான் இருக்கிறது. ஆனால் தங்களிடம் உள்ள ரசீதில் 'ரிப்பேர், முன்பணம்' என்று மட்டுமே இருக்கிறது. துப்பாக்கியின் எண் இல்லை. நாளை அது காணவில்லை என்றால் காவல்துறை முதலில் கேட்கப்போவது தங்களைத்தான். ஆகவே, உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றே என்பதை நேரில் பார்த்துவிட்டு, 21ஆவது பிரிவின் கீழ் பாதுகாப்புக்கு ஒப்படைத்ததாக அந்த எண்ணுடன் எழுத்துமூல ரசீது பெறுங்கள். தாமதத்துக்கான காரணத்தை விளக்கி மாவட்ட ஆட்சியரிடம் புதுப்பித்தல் மனுவையும் கொடுங்கள். அதைக் கிடப்பில் போடவேண்டாம்; விதித்த காலத்துக்குள் திரும்பப் பெறாத துப்பாக்கி அரசுக்குப் பறிமுதலாகும்.

அடுத்து, நோட்டீஸ் வரைவு. 'துப்பாக்கி கையில் இருந்திருந்தால் பன்றிகளைச் சுட்டு வாழையைக் காப்பாற்றியிருப்பேன்' என்ற வரியைப் படித்து அதிர்ந்தேன். காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. அனுமதியின்றிக் கொல்ல முயன்றாலே அது வேட்டைக் குற்றமாகிவிடும். பயிரைக் காக்க உரிமம் தந்திருக்கிறார்கள் என்பதால் சுடுவதற்கும் அனுமதி தந்துவிட்டார்கள் என்று பொருளில்லை. புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவர், தம் கையெழுத்திட்டு இப்படியொரு வரியை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுப்புவது, அவருக்குக் கேடயத்தையும் வாளையும் சேர்த்துக் கொடுப்பதாகும். புதுப்பித்தல் மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரியின் மேசைக்கும் அது போய்ச்சேரக்கூடும். அந்த வரியை அடியோடு நீக்குங்கள். பயிர்ச்சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் நிவாரண மனு கொடுங்கள்.

மிஞ்சுவது பழுதுபார்ப்பில் ஏற்பட்ட தாமதம் மட்டுமே. அது சேவைக் குறைபாடுதான். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனாலும் கூலியில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்லிச் சமரசமாக முடித்துக்கொள்ளுமாறே சொல்வேன். உரிமம் புதுப்பித்துக் கைக்கு வரும்வரை துப்பாக்கி இருக்க வேண்டிய இடம் அந்தக் கடைதான். அதன் உரிமையாளரோடு இப்போது பகைத்துக்கொள்ளாதீர்கள்.